தேக்குப் பெட்டிக்குள் ராஸ்பெர்ரி பை 5

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய தேக்குப் பெட்டிக்குள் நானே கட்டிய கேம் கன்சோல், இதுவரை ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கணினிப் பலகையில் ஓடியது, இப்போது பை 5, 4 ஜிபி ரேம். திணறிக்கொண்டிருந்த டிரீம்காஸ்ட், நிண்டெண்டோ 64 ஆகிய பழைய கன்சோல்களின் கேம்கள் சும்மா பறக்கின்றன. பழைய மாரியோ மட்டும் போதுமென்றால் பை 3 தாராளம், காசைக் கரைக்காதீர்கள்.

தொல்லைகளும் உண்டு. ஹெட்போன் ஜாக் கிடையாது, ஹெச்டிஎம்ஐ மைக்ரோ அளவுக்குச் சுருங்கிவிட்டது, பழைய மெமரி கார்டை அப்படியே செருகினால் பூட் ஆகாது. 5 வோல்ட் 5 ஆம்ப் அடாப்டரே வாங்குங்கள், 3 ஆம்ப் போட்டால் யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு மொத்தமே 600 மில்லிஆம்ப்தான் தரும். அப்புறம் சூடு! சித்திரை வெயிலில், அதுவும் மரப்பெட்டிக்குள், ஃபேன் வைத்த கூலர் இல்லாமல் ஆகாது. ஆசாரியிடம் சொல்லிப் பின்பலகையில் காற்றுத் துளையும் போட்டாயிற்று.