ஏலக்காய்க் கணக்குக்கு ஒரு யூஎஸ்பி அடாப்டர்

குமுளியில் வீட்டிலிருந்தபடியே நான்கு ஏலக்காய் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். புத்தடி, போடி ஏல மையங்களில் அவர்கள் எடுக்கும் காய்க்கு லாட் வாரியாகப் பட்டியல் வரும். லாட் எண், மூட்டை, எடை, கிலோ விலை என்று ஒவ்வொரு வரியையும் பார்த்துப் பார்த்து டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்ற வேண்டும். பதினைந்து இன்ச் லேப்டாப்பில் பட்டியலையும் டேலியையும் மாற்றி மாற்றித் திறந்துதான் இத்தனை நாள் செய்தேன். போன சீசனில் கிலோ 2,487 என்று இருந்த ஒரு லாட்டை 2,478 என்று ஏற்றிவிட்டேன். 214 கிலோ காய். கணக்கு 1,926 ரூபாய் உதைத்தது. 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி மாதக் கணக்கான 3பி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய நேரத்தில் இரண்டு இரவு உட்கார்ந்துதான் அதைக் கண்டுபிடித்தேன். பட்டியல் ஒரு திரையில், டேலி ஒரு திரையில் என்று இருந்தால் கண் தானாகவே ஒப்பிட்டுக்கொண்டே போகும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மகன் விட்டுப்போன 22 இன்ச் மானிட்டர் வீட்டில் இருக்கிறது. லேப்டாப்பில் மானிட்டரை இணைக்கும் எச்டிஎம்ஐ துளைதான் ஆடிப்போய்ப் படம் நிற்காமல் இருந்தது. அதைச் சரிசெய்ய போர்டையே கழற்ற வேண்டும் என்றார்கள். சரி, படத்தை யூஎஸ்பி வழியாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஆன்லைனில் தேடினேன்.

முதலில் வாங்கியது டைப் சி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் சின்ன அடாப்டர். 900 ரூபாய். செருகினால் மானிட்டரில் 'நோ சிக்னல்'. அடாப்டரில் கோளாறு இல்லை. எல்லா டைப் சி துளையிலும் படம் வராது என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற வசதி லேப்டாப்பின் அந்தத் துளையிலேயே இருக்க வேண்டும். பல லேப்டாப்களில் துளைக்குப் பக்கத்தில் D, P எழுத்துகள் சேர்ந்த சின்னமோ, தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ போட்டிருப்பார்கள். என்னுடையதில் வெறும் யூஎஸ்பி சின்னம்தான். வாங்குவதற்கு முன்னால் லேப்டாப் மாடலின் விவரப் பக்கத்தில் இந்த ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். அந்த வசதி இருந்தால் இந்த 900 ரூபாய் சாமானே போதும், வேறு எதுவும் வேண்டாம்.

இரண்டாவதாக சாதாரண யூஎஸ்பி துளையில் செருகும் அடாப்டர், 1,300 ரூபாய். எந்தச் சிப் என்று பெட்டியில் ஒரு வார்த்தை இல்லை. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதற்குள்ளேயே இருந்தது. அதைத் திறந்ததும் ஆன்டிவைரஸ் எச்சரித்தது. வியாபாரிகளின் பாஸ்வேர்டெல்லாம் இருக்கிற லேப்டாப் என்பதால் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். போட்டுப் பார்த்தேன். படம் வந்தது, ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்பு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. எழுத்தின் ஓரமெல்லாம் கலங்கி, 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரிந்தது. கணக்கு எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய குறை கிடையாது. மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் மலையிறங்கிக் கம்பத்துக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை. லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரத் தம்பி துளைகளைப் பார்த்துவிட்டு, "அக்கா, டப்பாவுல என்ன பேருன்னு பாக்காதீங்க, உள்ள என்ன சிப்புன்னு பாருங்க" என்றார். டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள அடாப்டர் ஒன்றை எடுத்து, கடையிலிருந்த மானிட்டரிலேயே மாட்டி, என் டேலியைத் திறந்து காட்டினார். 4,200 ரூபாய். விலை கேட்டதும் தயங்கினேன். எழுத்தைப் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது.

விலை வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கிறது. சாதாரண யூஎஸ்பி துளையில் படத்துக்கான சிக்னலே கிடையாது, தகவல் மட்டும்தான் போகும். முழு எச்டி திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட் வீதம், நொடிக்கு 60 தடவை அத்தனையையும் அப்படியே அனுப்பினால் சுமார் 300 கோடி பிட். பழைய யூஎஸ்பி 2.0-வின் உச்ச வேகமே 48 கோடிதான், 3.0-க்கு 500 கோடி. டிஸ்ப்ளேலிங்க் மென்பொருள் திரையில் மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புகிறது. அடாப்டரிலுள்ள சிப் அதை விரித்துப் படமாக்குகிறது. நான் ஒரு எண்ணைத் தட்டினால் அந்த ஒரு கட்டம்தான் மாறுகிறது. கணக்கு வேலைக்கு இது ஏன் இவ்வளவு நன்றாக ஒத்துப்போகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. நீல நிறத் துளையில், அதாவது 3.0-வில் செருகுங்கள். டிரைவரை அந்தச் சிப்பின் நிறுவனமான சினாப்டிக்ஸ் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் சாவியோடு P-யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுத்தால் இரண்டு திரையும் தனித்தனியாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தொல்லை. கம்பியில்லா மவுஸ் விட்டு விட்டு நகர்ந்தது. வைஃபையும் மந்தமானது. அடாப்டரைத்தான் குறை சொல்லப் பார்த்தேன். மகன் தேடிப் பார்த்து, யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இடைஞ்சல் வரும் என்றும், இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது என்றும் போனில் சொன்னான். மவுஸின் ரிசீவர் அடாப்டரை ஒட்டிய துளையில் இருந்தது. அதை எடுத்து எதிர்ப்பக்கத் துளையில் போட்டேன். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். இரண்டும் சரியாகிவிட்டன.

குறைகளும் உண்டு. விண்டோஸ் ஏறும் வரை அந்த மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். அடாப்டரைத் தொட்டால் நல்ல சூடு தெரிகிறது, அதனால் துணிமணி மேல் படாமல் வைக்கிறேன். படம் பார்க்கவோ விளையாடவோ வாங்குவதாக இருந்தால் இது வேண்டாம், அந்த வேலையெல்லாம் லேப்டாப்பின் பிராசஸர் தலையில்தான் விழும். மேக்புக் வைத்திருப்பவர்கள் தனி ஆப் போட்டு, திரையைப் பதிவுசெய்யும் அனுமதியும் கொடுக்க வேண்டும். ஓடிடி படங்கள் அதில் கறுப்பாகப் போகவும் வாய்ப்புண்டு.

இங்கே மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும். மானிட்டர் அணைந்தால் டேலி லேப்டாப் திரைக்குத் தாவிவிடும். விண்டோஸ் 11-இல், மானிட்டர் இணைப்புக்கேற்ப ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் தேர்வை டிக் செய்து வைத்தேன். இப்போது மின்சாரம் வந்த சில நொடியில் டேலி வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது, புத்தடிப் பட்டியல் இடப்பக்கம் அதே வரியில் நிற்கிறது.