டைல்ஸ் கட்டர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்: எனக்குப் போனது ரூ.9,940

நேற்று மாலை ஐந்தாவது முறையாக அந்தக் கடையின் படியேறி, ஐந்தாவது முறையாக வெறுங்கையோடு எங்கள் ஊரான மண்டபத்துக்குப் பேருந்து ஏறினேன். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. இராமநாதபுரத்தில் உள்ள ஒரு பெரிய ஹார்டுவேர் கடையில், வீட்டுத் தரைக்கு வாங்கிய போர்சலின் டைல்ஸை வெட்டுவதற்கென்று ஒரு கருவியை வாங்கினேன். கருவிக்கு ரூ.7,400, அதற்கு மாற்றுச் சக்கரம் என்று ரூ.450, அதில் உடைந்து வீணான 11 டைல்ஸுக்கு ரூ.2,090, ஆக மொத்தம் ரூ.9,940 இழந்து நிற்கிறேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதுவேன். அதே வேலைக்காக அதே மாதிரிக் கடைக்குப் போகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு.

எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பழைய சிமெண்ட் தரையில் உப்புப் பூத்து, அம்மா தினமும் காலையில் பெருக்கும்போது முறத்தில் வெள்ளைப் பொடியாக வந்துகொண்டிருந்தது. ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சாத கல் வேண்டும் என்றுதான், கடைகளில் விட்ரிஃபைடு என்று சொல்லப்படும் போர்சலின் டைல்ஸை, இரண்டுக்கு இரண்டு அடி அளவில், வழுக்காத சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். ஏறக்குறைய 1,200 டிகிரி வெப்பத்தில் சுடப்படும் இந்தக் கல், தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சக் கூடாது என்பது தர வரையறை. சாதாரணச் சுவர் டைல்ஸோ 10 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சக்கூடியது. எந்த இறுக்கத்துக்காக இந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தோமோ, அந்த இறுக்கமேதான் அதை வெட்டுவதற்குக் கடினமாக்குகிறது என்பது எனக்கு அப்போது பாதிதான் தெரிந்திருந்தது.

என் தம்பி விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். அதற்கு முன் சில ஆண்டுகள் கேரளாவில் டைல்ஸ் வேலை பார்த்தவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவன் கரையில் இருப்பான். அதற்குள் அவன் கல்லைப் பதித்துவிட, நான் கூடமாட இருந்து வெட்டிக் கொடுத்துவிட, கூலி மிச்சமாகும் என்பது எங்கள் கணக்கு. ஏப்ரல் 24 அன்று அவனுக்குப் படகுக்குச் சாயம் பூசும் வேலை இருந்ததால், கருவி வாங்க நான் மட்டும் போனேன். மின்சாரத்தில் வட்டத் தகடு சுழன்று கல்லை அறுக்கும் நான்கு அங்குல மார்பிள் கட்டரும், அதற்கு விளிம்பில் பிளவு இல்லாத டயமண்ட் பிளேடு என்ற தகடும் வாங்கி வரும்படி தம்பி தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினான்.

கடைக்காரரிடம் நான் கேட்டதும் அதைத்தான். ரூ.3,600 விலையில் ஒரு மார்பிள் கட்டர் என் கண் முன்னால் அலமாரியிலேயே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "தம்பி, வீட்டு வேலைதானே? அது நிமிஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுத்து சுத்தும். கை பழகாதவங்க தொடக்கூடாது. தண்ணியும் கரண்ட்டும் ஒண்ணா வர்ற வேலை" என்று பரிவோடு சொன்னார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அடுத்து அவர் சொன்னதையும் நம்பினேன். கையால் தள்ளி வெட்டும் டைல்ஸ் கட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். இரண்டு தண்டவாளம், நடுவில் கைப்பிடி, அதன் அடியில் சிறு சக்கரம். சக்கரம் கல்லின் மேல் கோடு கீறும்; பிறகு கைப்பிடியை அழுத்தினால் அந்தக் கோட்டில் கல் பிளக்க வேண்டும். "விட்ரிஃபைடு 12 எம்எம் வரைக்கும் வெண்ணெய் மாதிரி போகும். நீங்க கண்ணால பாருங்க" என்று உள்ளேயிருந்து ஒரு டைல்ஸை எடுத்துவந்து வைத்து, ஒரே இழுப்பாக இழுத்து, கைப்பிடியை அழுத்தினார். 'டக்' என்ற ஒரே சத்தம். நூல் பிடித்ததுபோல் இரண்டாகப் பிரிந்தது. வெட்டிய துண்டை என் கையிலேயே கொடுத்து, "வீட்டுல காட்டுங்க" என்றார்.

அந்தத் துண்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. செங்கல் நிறம், விரலில் சிவப்பாகத் தூள் ஒட்டியது. நான் வாங்கிய கல்லின் விளிம்பு மேலிருந்து கீழ்வரை வெளிர் சாம்பல் நிறம். இந்த வித்தியாசம் கண்ணில் பட்டும் மனதில் படவில்லை. வெட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது, சொன்னவரும் அவ்வளவு அக்கறையாகப் பேசினார். பில் கேட்டதற்கு, "பில் போட்டா வரி சேரும், உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்று சொல்லி, எஸ்டிமேட் என்று அச்சிட்ட வெள்ளைத் தாளில் ரூ.7,400 என்று எழுதிக் கொடுத்தார். கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பினேன். அந்தக் கனத்தைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

மறுநாள் முதல் கல்லை வைத்து இழுத்தபோதே சக்கரம் மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு போனது. கோடு முழுதாக விழாமல் அங்கங்கே விட்டுவிட்டு விழுந்தது. அழுத்தி இழுத்தால், தண்டவாளம் நடுவில் கீழ்நோக்கி வளைவது கண்ணுக்கே தெரிந்தது. பிளக்கும்போது கோட்டை விட்டு விலகி, நாக்கு நீட்டியதுபோல் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு உடைந்தது. இரண்டாவது கல் மூன்று துண்டாயிற்று. கோட்டின் மேல் இரண்டாம் முறை சக்கரத்தை ஓட்டினால் விளிம்பு சிதறும், ஒரே இழுப்பில்தான் கோடு விழ வேண்டும் என்று தம்பி சொன்னான். அவனே இழுத்துப் பார்த்தான். அவன் கையிலும் உடைந்தது. மூன்று நாளில் எட்டுக் கல் போயிற்று.

ஏப்ரல் 28 அன்று கருவியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், இதைத் திரும்ப எடுத்துக்கொண்டு மார்பிள் கட்டரைக் கொடுங்கள், மீதிப் பணத்துக்கு வேறு சாமான் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன். "கை பழகணும் தம்பி, சக்கரம் புதுசு" என்றார். இரண்டாவது முறை போனபோது சக்கரம் தேய்ந்துவிட்டது என்றார். மூன்று நாள் முன்பு புதிதாக இருந்த சக்கரம் எட்டுக் கல்லில் எப்படித் தேயும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை, ரூ.450 வாங்கிக்கொண்டு வேறு சக்கரம் கொடுத்தார். அதில் மேலும் மூன்று கல் உடைந்தது. மூன்றாவது முறை, மதுரையில் உள்ள விநியோகஸ்தரின் எண்ணைக் கொடுத்தார்கள். அது இரண்டு வாரம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. நான்காவது முறை போனபோது முதலாளி வெளியே போயிருக்கிறார் என்றார் கணக்குப்பிள்ளை. உள் அறையில் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

இதற்கு இடையில்தான் பாம்பனிலிருந்து தம்பியின் பழைய மேஸ்திரி ஒருவர் வந்தார். உடைந்த கற்களைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், கடையில் கொடுத்த துண்டைக் கேட்டார். அதன் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டது. எங்கள் கல்லின் முதுகில் ஒரு சொட்டு விட்டார். அது முத்து மாதிரி நின்றது. "உங்களுக்கு வெட்டிக் காட்டினது சுவர்க் கல்லு" என்றார். பிறகு தன் பையிலிருந்து மார்பிள் கட்டரை எடுத்து, மூடியில் துளை போட்ட தண்ணீர்ப் பாட்டிலை என்னைப் பிடிக்கச் சொல்லி, கல்லின் முகப்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, அவசரப்படாமல் வெட்டினார். இரண்டு நிமிடம் ஆனது. விளிம்பில் ஒரு சிதறல் இல்லை.

கையால் தள்ளும் கட்டர் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. தண்டவாளம் வளையாத கனமான கருவியும் நல்ல டங்ஸ்டன் கார்பைடு சக்கரமும் இருந்தால் போர்சலினும் நேராகப் பிளக்கும் என்று மேஸ்திரியே சொன்னார். ஆனாலும் நிலைச் சட்டத்தைச் சுற்றி வரும் 'எல்' வடிவ வெட்டு அதில் எப்போதும் முடியாது. விரல் அகலத் துண்டும் கஷ்டம். மூலைக்கு மூலை வெட்டவும் வழியில்லை. இரண்டடிக் கல்லின் மூலைவிட்டம் ஏறக்குறைய 85 சென்டிமீட்டர்; எனக்கு விற்றதோ 60 சென்டிமீட்டர்க் கருவி. கல்லின் அளவையும் வகையையும் நான் சொன்ன பிறகுதான் இதை என் தலையில் கட்டினார் என்பதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

நேற்று அந்தச் செங்கல் நிறத் துண்டையும் எங்கள் கல் ஒன்றையும் கொண்டுபோய் மேசை மேல் வைத்து, இரண்டின் முதுகிலும் தண்ணீர் விட்டுக் காட்டினேன். நீங்கள் வெட்டிக் காட்டியது வேறு கல் அல்லவா என்று கேட்டேன். "அதுவும் டைல்ஸ்தானே தம்பி" என்றார். மற்ற வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யூஸ் பண்ணின சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம், உங்களிடம் பில்லும் இல்லை என்று முடித்துவிட்டார். வரி மிச்சம் என்று சொல்லி பில் கொடுக்காமல் விட்டவரே, இன்று பில் இல்லை என்பதைக் காரணமாகக் காட்டுகிறார். ரூ.9,940 என்பது அவருக்கு ஒரு மணி நேர வியாபாரமாக இருக்கலாம். தடைக்காலத்தில், படகு கரையில் நிற்கும் வீட்டில், அது ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு.

வேறு என்னென்னவோ விளக்கமாக எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்; இப்போது அதற்கு மனம் அடங்கவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கருவி வாங்கப் போகும்போது உங்கள் வீட்டுக் கல் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய், அதை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். மார்பிள் கட்டராக இருந்தால், விளிம்பு தொடர்ச்சியாக உள்ள டயமண்ட் பிளேடு வாங்குங்கள். பல் பல்லாகப் பிளவு உள்ளது போர்சலினின் ஓரத்தைச் சிதறடிக்கும். தண்ணீர் விட்டே வெட்டுங்கள், ஏனென்றால் அந்தத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத இணைப்பில் கருவியைச் செருகாதீர்கள். எஸ்டிமேட் தாளைப் பில் என்று வாங்கிக்கொள்ளாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம். திரும்பப் பெறுவதற்குப் பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் என்று அச்சட்டம் சொல்கிறது. நான் கேட்டது நான்காம் நாள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகாரைப் பதிவு செய்துவிட்டேன். பணம் அனுப்பிய கைப்பேசிப் பதிவும், எஸ்டிமேட் தாளும், அந்தச் சிவப்புத் துண்டும் பத்திரமாக இருக்கின்றன. ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை மனுவோடு போகிறேன்.

தடைக்காலம் முடிய இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது, தம்பி கடலுக்குப் போய்விடுவான். முழுக் கல் பதித்த இடமெல்லாம் முடிந்துவிட்டது. சுவரோரம் சுற்றிலும் அரை அடி மட்டும் வெறும் சிமெண்டாகக் கிடக்கிறது. அம்மா இரவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் இடம் அதுதான். கல் வாங்கிய கடையில் இப்போது வந்திருக்கும் பெட்டிகள் வேறு பேட்ச், பக்கத்தில் வைத்தால் நிறம் ஒரு படி மஞ்சளாகத் தெரிகிறது. வெளிர் சாம்பல் நிறத்தில், சொரசொரப்பான இரண்டடி விட்ரிஃபைடு கல், இந்தப் பக்கம் யாருடைய வீட்டிலாவது வேலை முடிந்து 11 கல் மிச்சம் கிடந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். விலை கொடுத்தே எடுத்துக்கொள்கிறேன். வெட்டித் தர மேஸ்திரி நாளை மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.