டொராண்டோ 25 வருஷம், மெல்போர்ன் 46 வருஷம்: எது நியாயம்?

ரெண்டுமே நடந்து போனவங்க மேல வண்டிய ஏத்தின கொலைதான். மெல்போர்ன் போர்க் ஸ்ட்ரீட்ல 2017 ஜனவரி 20, ஆறு பேர் செத்தாங்க. டொராண்டோ யங் ஸ்ட்ரீட்ல 2018 ஏப்ரல் 23, வாடகை வேன், பத்து பேர், காயம்பட்ட இன்னொருத்தங்க மூணு வருஷம் கழிச்சு இறந்தாங்க.

மெல்போர்ன்காரன் அப்போ பெயில்ல வெளிய இருந்தவன், அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது, அதுக்கப்புறம்தான் மெல்போர்ன் இருக்கற விக்டோரியா மாநிலத்துல பெயில் சட்டத்தையே இறுக்கினாங்க. ஜூரி (பொதுமக்கள்ல இருந்து எடுக்கற தீர்ப்புக் குழு) குற்றவாளின்னு சொல்லி, 2019ல ஆயுள் தண்டனை, 46 வருஷத்துக்கு பரோல் கிடையாது. (பரோல்னா நம்மூர்ல மாதிரி கொஞ்ச நாள் லீவு இல்ல, நிபந்தனையோட விடுதலை.)

டொராண்டோ கேஸ்ல ஜூரி இல்ல, கொரோனா நேரம்ங்கறதால விசாரணையே ஜூம்ல. ஆட்டிசம் இருக்கறதால பொறுப்பில்லன்னு வாதாடினாங்க, நீதிபதி ஆன் மொலாய் ஏத்துக்கல. பேரும் புகழும் கிடைக்கணும்னுதான் பண்ணான்னு சொல்லி தீர்ப்புல அவன் பேரையே எழுதாம 'ஜான் டோ'ன்னே (பேர் சொல்லாத ஆளுக்கு அங்க வைக்கற பொதுப் பேர்) போட்டாங்க, அந்த இடத்த படிச்சப்போ மனசு நெறஞ்சுது. ஆனா தண்டனை 2022 ஜூன்ல ஆயுள், 25 வருஷம் கழிச்சு பரோல் கேக்கலாம், ஏன்னா அதுக்கு சில வாரம் முன்னாடிதான் கனடா சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு கொலைக்கும் பரோலுக்கு காத்திருக்கற வருஷத்த கூட்டிக்கிட்டே போறது செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

தீர்ப்பு எழுதின விதத்துல டொராண்டோ, தண்டனையில மெல்போர்ன், என் ஓட்டு இப்படித்தான். பத்து உசுருக்கும் ஒரு உசுருக்கும் அதே 25ன்னா குடும்பத்துக்காரங்ககிட்ட என்னன்னு சொல்றது?