குளிரில் தூண்டில் போட எந்தக் கையுறை?

அட்டையில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருந்தாலும் தையல் வழியாகவோ மணிக்கட்டு வாய் வழியாகவோ தண்ணீர் உள்ளே வந்துவிடும். உடம்புச் சூட்டைக் காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுக்கும். அதனால் தடிமனைப் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை. தையலையும் உள்துணியையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஓயாமல் கை நனையும் வேலைக்கு நியோப்ரீன் என்ற நுரை ரப்பர் கையுறை நல்லது. 2 மி.மீ. போதும். 3 மி.மீ. என்றால் ரீலைச் சுற்றலாம், ஆனால் தங்கூசியை (தூண்டில் நரம்பை) விரல் நுனியில் நிறுத்திப் பிடிக்க வராது. வாங்கும்போது உட்புறத்தை வெளியே திருப்பிப் பாருங்கள். ஒரே தையலின் நூல் இரண்டு பக்கமும் தெரிந்தால் ஊசி முழுக்கத் துளைத்திருக்கிறது, கட்டாயம் ஒழுகும். பசையால் ஒட்டி, பிறகு ஒரு பக்கம் மட்டும் நூல் ஓடும்படி தைத்ததுதான் வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகள் மடங்கித் திறக்கும் மாடல் முடிச்சுப் போட வசதி. ஆனால் அந்தக் கீறல் வழியே தண்ணீர் வரும். கரையில் நின்று வீசுபவருக்குச் சரி, தண்ணீரில் கைவிடுபவருக்கு ஆகாது.

நடுவில் தண்ணீர் புகாத மெல்லிய சவ்வு வைத்துத் தைத்த துணிக் கையுறை பனிக்கும் காற்றுக்கும் அருமை. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஈரக் கையை வெளியே இழுத்தால் விரல்களின் உள்துணியும் கூடவே வந்துவிடும், திரும்ப உள்ளே தள்ளுவதற்குள் மீன் போய்விடும். கடையிலேயே விரல் நுனியில் உள்துணியைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள், நழுவினால் வாங்காமல் வைத்துவிடுங்கள். தூண்டில் முள் ஒருமுறை குத்தினாலும் சவ்வு போயிற்று, ஓட்டை கண்ணுக்கே தெரியாது.

நம் தேர்வு, மீன்பிடிப் படகுகளில் போடுகிற பூச்சுக் கையுறை. கையுறையை மொத்தமாகப் பூச்சுக் குழம்பில் முக்கி எடுப்பதால் தையல் ஓட்டை என்ற பேச்சே இல்லை. பிவிசி பூச்சு குளிரில் விறைக்கும், பாலியூரித்தேன் அவ்வளவு விறைக்காது. ஷோவா என்ற கையுறை நிறுவனத்தின் டெம்ரெஸ் 282 மாடல் இந்த இரண்டாவது வகை: உள்ளே கதகதப்பான உள்துணி, வியர்வையும் ஓரளவு வெளியேறும். வாய் அகலமாக இருப்பதால் சட்டென்று கழற்றலாம். கையைத் தாழ்த்தி வேலை செய்தால் அதே வாய் வழியே தண்ணீர் இறங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கடுங்குளிருக்கு உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை தேவைப்படும், அதற்கு ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.

சைஸ் பார்க்கக் கோலைப் பிடிப்பதுபோல் முஷ்டியை மடக்குங்கள். புறங்கையில் விறைப்பாக இழுத்தால் ரத்த ஓட்டம் குறையும், விரல் மரத்துப்போகும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை. கையுறைக்குள் காற்றை அடைத்து வாயை முறுக்கி, வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். நியோப்ரீனிலும் பூச்சிலும் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. சவ்வுக் கையுறையில் வெளித்துணியில் தங்கிய காற்றே குமிழிவிட்டு ஏமாற்றும். அதற்கு விரல்களுக்குள் டிஷ்யூ பேப்பரைத் திணித்து, வாயை மேலே பிடித்தபடி ஐந்து நிமிடம் முக்கிப் பாருங்கள், பேப்பர் நனைந்த விரலில்தான் ஓட்டை.

திரும்ப விடப்போகும் மீனை வெறும் ஈரக் கையால் பிடியுங்கள், துணி அதன் வழவழப்பை உரித்துவிடும். பிறகு துண்டில் கையை நன்றாகத் துடைத்துவிட்டே கையுறை போடுங்கள். இடுப்பில் ஒரு துண்டு இல்லாவிட்டால் எந்தக் கையுறையும் மதியத்துக்குள் உள்ளே நனைந்துவிடும்.

உப்புத் தண்ணீரில் போட்டதை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். ஹீட்டர்மேல் போட்டால் நியோப்ரீன் பசை விட்டுப்போகும். கைக்குச் சூடுதரும் பொட்டலத்துக்கு (ஹேண்ட் வார்மர்) காற்று வேண்டும், இறுக்கமான கையுறைக்குள் அது அணைந்ததுபோல் ஆகிவிடும். ஜாக்கெட் பைக்குள் வையுங்கள்.