கிட்-எஸ்விஎன்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

திருகோணமலை உவர்மலையில் நால்வர் சேர்ந்து நடத்தும் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் எல்லா வேலையும் கிட்டில்தான் (Git, நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) நடக்கிறது. ஆனால் எங்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை தரும் கொழும்பு வாடிக்கையாளர் தமது நிரலை இன்றும் அதே வேலைக்கான பழைய மென்பொருளான சப்வேர்ஷனிலேயே (Subversion) வைத்திருக்கிறார். அதை மாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை, மாற்றச் சொல்லும் இடத்தில் நாங்களும் இல்லை. எனவே இரண்டுக்கும் இடையே மாற்றங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவர, கிட்டின் துணைக் கருவியான கிட்-எஸ்விஎன்னை (git-svn) எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பேர்ல் மொழியில் எழுதப்பட்ட இக்கருவி இலவசமானது. உபுண்டுவில் தனிப் பொதியாக நிறுவ வேண்டும்.

களஞ்சியத்தை (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் இடம்) முழுதாகப் பிரதி எடுக்கும் முதல் குளோனுக்குப் பொறுமை வேண்டும். சப்வேர்ஷனின் ஒவ்வொரு திருத்தத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக் கமிட்டாக (கிட்டில் ஒரு மாற்றத்தின் பதிவு) எழுதுவதால், ஏறத்தாழ 6,000 திருத்தங்கள் கொண்ட அந்தக் களஞ்சியம் வந்து சேர ஒன்றரை நாள் சென்றது. நடுவில் இரண்டு முறை மின்சாரம் போனது. திருத்தங்களை வாங்கும் ஃபெட்ச் கட்டளையை மீண்டும் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. இக்கருவி மீது எனக்கு மதிப்பு வந்தது அப்போதுதான். சப்வேர்ஷன் பயனர் பெயரை மட்டுமே பதிகிறது, கிட் முழுப்பெயரையும் மின்னஞ்சலையும் எதிர்பார்க்கிறது என்பதால், எந்தப் பயனர் யார் என்று எழுதிய பட்டியல் கோப்பு ஒன்றை முன்கூட்டியே கொடுப்பது நல்லது. அதில் ஒருவர் விடுபட்டிருந்தாலும் வேலை அங்கேயே நின்றுவிடும். எப்போதோ விலகிப்போன ஒருவரின் பயனர் பெயருக்காக வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

தமிழில் பெயரிட்ட அறிக்கைக் கோப்புகளைக் கண்டு முதலில் திடுக்கிட்டேன். மாறிய கோப்புகளைக் காட்டும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையின் பட்டியலில் ‘க’ என்ற எழுத்து \340\256\225 என்று நின்றது. கோப்பு கெடவில்லை, யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்குரிய மூன்று பைட்டுகளையும் கிட் எண்ணாக அச்சிடுகிறது, அவ்வளவுதான். கிட்டின் கோர்.குவோட்பாத் (core.quotepath) அமைப்பை அணைத்ததும் பெயர்கள் தமிழிலேயே தெரிந்தன. இந்தக் குற்றத்தை கிட்-எஸ்விஎன் தலையில் கட்டுவது நியாயமாகாது.

அன்றாட வேலை எளிது. காலையில் ரீபேஸ் (சப்வேர்ஷனின் புதிய திருத்தங்களை வாங்கி, என் கமிட்டுகளை அவற்றின் மேல் வைப்பது), மாலையில் டிகமிட் (என் கமிட்டுகளைச் சப்வேர்ஷனுக்கு அனுப்புவது). என்னுடைய ஒவ்வொரு கமிட்டும் சப்வேர்ஷனில் தனித்தனித் திருத்தமாக ஏறுகிறது; எவை ஏறப்போகின்றன என்பதை எதையும் அனுப்பாமல் ஒத்திகை பார்க்கும் டிரை-ரன் தெரிவின் மூலம் முன்னதாகவே பார்த்துக்கொள்ளலாம். ஏறிய பின் கமிட் செய்தியின் அடியில் திருத்த எண்ணோடு ஓர் அடையாள வரியைக் கருவி சேர்க்கிறது. கமிட் இவ்வாறு திருத்தி எழுதப்படுவதால் அதன் ஹாஷும் (கமிட்டை அடையாளம் காட்டும் குறியீடு) மாறிவிடுகிறது.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். டிகமிட் செய்வதற்கு முன் என் கிளையை (தனியாகப் பிரிந்து செல்லும் கமிட் வரிசை) எடுத்துக்கொண்ட பக்கத்து மேசைத் தம்பியிடம் பழைய ஹாஷ் இருந்தது, என்னிடம் புதியது. அவர் மறுபடி இணைத்தபோது ஒரே மாற்றம் வரலாற்றில் இரண்டு தடவை நின்றது. இன்னொரு நாள் ஒன்பது கமிட்டுகள் கொண்ட கிளையொன்றை மேர்ஜ் கமிட்டாக (இரு கிளைகளைச் சேர்க்கும் கமிட்) இணைத்துவிட்டு டிகமிட் கொடுத்தேன். சப்வேர்ஷன் பக்கத்தில் ஒன்பதும் ஒரே பெரிய திருத்தமாகப் போய் விழுந்தன. எதை ஏன் மாற்றினீர்கள் என்று வாடிக்கையாளர் கேட்டதில் பிழையில்லை. நேர்கோட்டு வரலாறே வேண்டும், கிட் களஞ்சியங்களுக்கிடையே புல் (மற்றதிலிருந்து இழுத்து இணைப்பது), மேர்ஜ் கூடாது என்று கருவியின் கையேடு தெளிவாகவே சொல்கிறது. நான்தான் பிறகு வாசித்தேன்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் முன் அந்தக் களப்பைப் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் கடந்தவர்களுக்கு இக்கருவியின் இயல்பு உடனே விளங்கும்: வரிசையில் நின்று, முறை வந்ததும் ஏறினால் அக்கரை சேரலாம், இருபுறமும் ஒரே நேரத்தில் ஓடும் பாலத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே இப்போது சப்வேர்ஷனுக்கு அனுப்பும் வேலையை என் ஒரு கணினியில் மட்டுமே வைத்திருக்கிறோம்; மற்ற மூவரும் தங்கள் மாற்றங்களைப் பேட்ச் கோப்புகளாக (மாற்றிய வரிகளை மட்டும் கொண்டவை) எனக்குத் தருகிறார்கள்.

நிரந்தரமாக கிட்டுக்கு மாற நினைப்பவர்கள் இதை அப்படியே நம்பிவிட வேண்டாம். சப்வேர்ஷன் டேக்குகள் (வெளியீடு போன்ற ஒரு நிலைக்கு இடும் பெயர்கள்) உண்மையான டேக்குகளாக அல்லாமல் தொலைக் கிளைகளாகவே வருகின்றன, வேறு களஞ்சியங்களிலிருந்து கோப்புகளைச் சேர்க்கும் எக்ஸ்டேர்னல்ஸ் வருவதே இல்லை. அவற்றையெல்லாம் பின்னர் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும்.