சுவரா, புத்தகமா?

கலைப் புகைப்படங்களை கேலரியில் மாட்டுவதா, புத்தகமாகப் போடுவதா?

பெரிய பிரிண்ட் முன்னால் நிற்கும் அனுபவத்தைப் புத்தகம் தராது. விற்ற விலையில் கேலரி பாதியை எடுத்துக்கொண்டாலும், ஒன்று விற்றாலே நல்ல தொகை. ஆனால் சில வாரங்களில் சுவர் காலி.

புத்தகத்தில் பெரும்பாலும் லாபம் கிடையாது. அச்சுச் செலவும் பல நேரம் படைப்பாளி தலையில்தான். சரி, இருந்தும் என் ஓட்டு அதற்கே. இந்தியப் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் 2008-இல் 'சென்ட் எ லெட்டர்' வெளியிட்டார்: ஒரே பெட்டியில் ஏழு குட்டி மடிப்புப் புத்தகங்கள். மேசையில் விரித்து நிறுத்தினால் வாங்கியவர் வீட்டிலேயே கண்காட்சி! அதே வழியில் வந்த அவரது 'மியூசியம் பவன்', 2017-இல் பாரிஸ் போட்டோ–அபெர்ச்சர் விருதுகளில் ஆண்டின் சிறந்த புகைப்பட நூலானது.

பெயர் வாங்காத புதியவர் சின்னப் பதிப்பில் தொடங்கலாம். கேலரிக்காரரிடம் காட்டவும் அதுவே உதவும்.