மாதாந்திர மருந்துத் திட்டத்தில் நரம்பு வலி மருந்து வாங்குகிறவர்கள் கவனிக்க

செயலி வழியாக மாதாமாதம் மருந்து வீடு தேடி வரும் திட்டங்களில் நீங்கள் சத்து மாத்திரையும் பற்பசையும் மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத் தேவைப்படாது. வீட்டில் யாராவது பிரிகாபலின், கேபாபென்டின், கார்பமாசெபைன் போன்ற மருந்துகளை நாள்பட்ட வலிக்காகச் சாப்பிட்டு வந்தால் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என் அப்பாவுக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. இந்தப் பழக்கம் ஒரே ஒரு நிறுவனத்தோடு முடிந்துவிடுவதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. திருச்சியில் எங்களோடுதான் இருக்கிறார். மார்பின் வலப்பக்கத்திலிருந்து முதுகு வரை அவருக்கு அக்கி வந்தது. சிறுவயதில் வந்து போன சின்னம்மையின் கிருமி நரம்புகளில் பதுங்கியிருந்து, வயதான காலத்தில் கொப்புளமாகத் தலைகாட்டுவதுதான் அக்கி. கொப்புளங்கள் ஆறிவிட்டன. வலி ஆறவில்லை. தோல் சரியான பிறகும் மூன்று மாதங்களுக்கு மேல் வலி நீடித்தால் அது அக்கிக்குப் பிந்திய நரம்பு வலி என்றும், வயதானவர்களுக்கு அது ஆண்டுக்கணக்கில்கூட இருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். பனியன் உரசினால் எரியும். மின்விசிறிக் காற்று பட்டால் எரியும். மார்கழிக் குளிரிலும் மேல்துண்டு இல்லாமல் உட்கார்ந்திருப்பார். (ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கான அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. விலை அதிகம்தான். ஆனாலும் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது.)

பிரிகாபலின் 75 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அப்பா தூங்க ஆரம்பித்தார். இது பாராசிட்டமால்போல வலித்தால் போட்டுக்கொள்கிற மருந்து இல்லை. வேளை தவறாமல் போக வேண்டும். நிறுத்துவதாக இருந்தாலும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். சட்டென்று விட்டால் தூக்கம் போகும், குமட்டும், வியர்க்கும், பதற்றம் பிடிக்கும். இதை மருத்துவர் எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். செயலியில் சேரும்போது சீட்டைப் பதிவேற்றினேன், இது இடையில் நிற்கக் கூடாத மருந்து என்று குறிப்பிலும் எழுதினேன். முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கட்டினேன். முதல் சில மாதங்கள் பொட்டலம் சொன்ன தேதியில் வந்தது.

பிறகு ஒரு மாதம் வரவில்லை. செயலியைத் திறந்தால் பொருள் தயாராகிறது என்று பச்சை நிறத்தில் காட்டியது. மறுநாளும் அதையே காட்டியது. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால், “இன்று மாலைக்குள் கிளம்பிவிடும் மேடம்” என்று ஒரு பெண் மிகவும் பணிவாகச் சொன்னார். மாலையில் அழைத்தால் அதே பணிவோடு வேறொருவர் மறுநாள் என்றார். அவர்கள் யாருக்கும் கிடங்கில் என்ன இருக்கிறது என்றே தெரியாது என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன். இருப்பு இல்லை என்ற ஒற்றை வரியை முதல் நாளே சொல்லியிருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து வேறு வழி செய்திருப்போம். சொல்லவில்லை. சொன்னால் ஆர்டரை ரத்து செய்வோம், கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். தாமதம் எந்தக் கடையிலும் ஏற்படக்கூடியதுதான். தாமதத்தை மறைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதற்கிடையில் வீட்டில் இருந்த கேப்சூல்கள் தீர்ந்துவிட்டன. தெருமுனை மருந்துக் கடையில் கேட்டேன். கடைக்காரர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீங்கள் நம் கடையில் வழக்கமாக வாங்குகிறவர் இல்லையே அம்மா” என்றார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைப் போதைக்காக விற்றதாகக் கைது என்ற செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது. டிரமடால் என்ற இன்னொரு வலி மருந்து 2018 ஏப்ரலிலேயே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. பிரிகாபலினையும் சிலர் தவறாகப் பயன்படுத்துவதால், முகம் தெரியாத ஆளுக்குக் கொடுக்கச் சிறிய கடைகள் தயங்குகின்றன. குறைவாகவே வாங்கி வைக்கின்றன. உண்மையான நோயாளி இரண்டு பக்கமும் இடிபடுகிறார். கடைக்காரர் விநியோகஸ்தரிடம் சொல்லி வரவழைப்பதாக ஒப்புக்கொண்டார். ஆனால் அது வார இறுதி.

அந்த இடைவெளியில் அப்பா பட்ட பாட்டை விரிவாக எழுத எனக்கு மனம் வரவில்லை. இரவெல்லாம் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. “தோலை உரித்துவிட்டு உப்பு தேய்ப்பதுபோல இருக்கிறது அம்மா” என்று ஒருமுறை சொன்னார். பொதுவாகத் தன் வலியைப் பேசாத மனிதர் அவர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. நான் அலுவலகத்தில் இருந்த நேரத்தில் அப்பாவின் கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. “செயலியிலிருந்து மருத்துவர் பேசுகிறேன். உங்களுக்கு நரம்பு வலிதானே? இரவில் தூக்கம் இல்லையா? சரி, மருந்து அனுப்பச் சொல்கிறேன்.” அவ்வளவுதான் பேச்சு. வேறு என்ன நோய் இருக்கிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. நாட்கணக்கில் தூங்காத கிழவர் மருந்து வருகிறது என்று கேட்டதும் சரி சரி என்றிருக்கிறார். மறுநாளே பொட்டலம் வந்துவிட்டது. அட்டையில் பெரிய எழுத்தில் பிரிகாபலின் 75 என்று இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் நார்ட்ரிப்டைலின் 10.

நம் ஊரில் பிரிகாபலின் தனியாகவும் கிடைக்கும். மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமின் சேர்ந்தும் கிடைக்கும். நார்ட்ரிப்டைலின் சேர்ந்தும் கிடைக்கும். மூன்றும் நரம்பு வலிக்கு எழுதப்படுகிறவைதான். நார்ட்ரிப்டைலின் பலருக்கு நல்ல பலன் தரும் மருந்து. ஆனால் புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடலாம். ஒரு வகைக் கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கும் இதயத் துடிப்பில் சிக்கல் இருப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம் பல ஆண்டுகளாக உண்டு. எங்கள் மருத்துவர் கலவை மருந்தைத் தவிர்த்துத் தனிப் பிரிகாபலின் எழுதியதற்கே அதுதான் காரணம்.

காலையும் இரவும் என்ற பழைய கணக்கில் அப்பா அதைச் சாப்பிட்டார். வாய் வறண்டது, தலை சுற்றியது. மருந்து இடையில் நின்றதால் வந்த களைப்பு என்றே அவர் நினைத்தார். பிறகு ஒரு நள்ளிரவில் சிறுநீர் முற்றிலும் நின்று, அடிவயிறு கல்லாகி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழாய் போட்டு வெளியேற்றினார்கள். பணியில் இருந்த இளம் மருத்துவர் சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் எடுத்துக் காட்டச் சொன்னார். இந்த அட்டையைத் திருப்பிப் பார்த்ததும், “இதை யார் எழுதிக் கொடுத்தது?” என்று கேட்டார். யார் என்று எங்களுக்கே தெரியவில்லை. செயலிக்குள் தேடியபோதுதான் அப்பா பெயரில் புதிதாக ஒரு மின்சீட்டு இருந்தது தெரிந்தது. நோயின் பெயர், வயது, கையொப்பம் எல்லாம் முறையாக இருந்தன. எங்கள் மருத்துவரின் சீட்டில் உள்ள மருந்தை அவர்களால் கொடுக்க முடியவில்லை; ஆகவே தங்களிடம் இருந்த மருந்துக்கு ஏற்ற சீட்டைத் தயாரித்துக்கொண்டார்கள்.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆம் விதி, அட்டவணை ‘எச்’ மருந்துகள் (மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை) எழுதிய சீட்டுக்கு, அதே மூலப்பொருள் கொண்டதாக இருந்தாலும் வேறொரு தயாரிப்பை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்கிறது. அதைத் தாண்டத்தான் புதிய சீட்டு. அதற்கும் 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. நோயாளியை முதன்முறையாகச் சந்திக்கும் மருத்துவர் வெறும் குரல் அழைப்பில், கடையில் சீட்டில்லாமலே வாங்கக்கூடிய எளிய மருந்துகளைத்தான் சொல்லலாம். அப்பாவிடம் பேசியவர் காணொளியில் முகத்தைக் காட்டவும் இல்லை, பெயரைச் சொல்லவும் இல்லை.

நிறுவனத்திடம் கேட்டபோது வந்த பதில், தாங்கள் வெறும் இணைப்புத் தளம், விற்றது கடை என்பது. பில்லில் இருந்த கடை வேறு மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே கேட்டால், செயலி அனுப்பிய சீட்டுக்குத்தான் கொடுத்தோம், சீட்டு சரியாக இருக்கிறது என்றார்கள். சீட்டு எழுதியவரோடு பேச வேண்டும் என்றால் தனியுரிமை குறுக்கே வந்தது. நல்லெண்ண அடிப்படையில் என்று சொல்லி, மருந்தின் விலையைச் செயலியின் பணப்பையில் போட்டார்கள். மருத்துவமனைச் செலவைப் பற்றிப் பேச்சே இல்லை.

இனி, இதே நிலையில் இருப்பவர்களுக்கு. மருத்துவரிடம் சீட்டு வாங்கும்போதே, இத்தனை மாதங்களுக்கு, மாதம் ஒருமுறை கொடுக்கலாம் என்று எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதாத சீட்டுக்கு ஒரு தடவைக்கு மேல் மருந்து கொடுக்கக் கூடாது என்பதும் அதே 65ஆம் விதியில் இருக்கிறது. கறாரான கடைக்காரர் திருப்பி அனுப்பினால் அவர் செய்வது சரிதான். தனி மருந்துதான் வேண்டும், கலவை கூடாது என்றால் அதையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கார்பமாசெபைன் சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மெதுவாகக் கரையும் மாத்திரையும் சாதாரண மாத்திரையும் மில்லிகிராம் ஒன்றாக இருந்தாலும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகாது.

பக்கத்தில் ஒரே கடையாகப் பிடித்து அங்கேயே வாங்குங்கள். தள்ளுபடி குறையும், போகட்டும். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்தால் அவர் விநியோகஸ்தரிடமிருந்து எடுத்து வைப்பார். விலைதான் பிரச்சினை என்றால் மக்கள் மருந்தகங்களில் பிரிகாபலின் பொதுப்பெயரில் மலிவாகக் கிடைக்கிறது. எல்லா நாளும் இருப்பு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

எல்லாம் தவறி மருந்து தீர்ந்தேவிட்டால், காத்திருக்காமல் எழுதிக் கொடுத்த மருத்துவரை அழையுங்கள். கையில் நாலைந்து கேப்சூல் மிச்சமிருக்கும்போதே அழைத்தால் இன்னும் நல்லது. அளவை எப்படிக் குறைத்து நாளைக் கடத்துவது என்று அவரால் சொல்ல முடியும். தோல் ஆறிய இடத்தில் தடவ லிடோகெயின் களிம்பு உண்டு, அதையும் கேளுங்கள். அப்பாவுக்கு அது ஓரளவு உதவியது. விட்டுப்போன வேளைக்கும் சேர்த்து இரட்டிப்பாகச் சாப்பிடச் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் அட்டையிலிருந்து கடன் வாங்காதீர்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பிரிகாபலினின் அளவே வேறு. வந்த பொட்டலத்தில் அட்டையின் பின்பக்கத்தில் உள்ள மூலப்பொருள் பெயர்கள் முழுவதையும் சீட்டோடு ஒப்பிட்ட பிறகே பெரியவர்கள் கையில் கொடுங்கள்.

புகாருக்கு வழிகள் இருக்கின்றன. மின்வணிக விதிகள் 2020இன்படி ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் சேவையோடு அரட்டை அடித்ததெல்லாம் அந்தக் கணக்கில் வராது, அவர் பெயருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தை மாற்றிக் கொடுத்தது பற்றி உங்கள் பகுதி மருந்து ஆய்வாளருக்குத் தனியாக எழுதுங்கள். அட்டை, பில், தொகுதி எண், செயலியில் வந்த தகவல்களின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை.

அப்பாவுக்குக் குழாய் எடுத்துவிட்டார்கள். பழைய மருந்தைக் குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார். தெருமுனைக் கடைக்காரர் தன் நோட்டில் அவர் பெயரையும் அடுத்த தேதியையும் எழுதி வைத்திருக்கிறார். மருந்து ஆய்வாளருக்கும் குறைதீர் அலுவலருக்கும் எழுதியாகிவிட்டது. பணப்பையில் போட்ட தொகையை நாங்கள் தொடவில்லை; அதைச் செலவழித்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று காட்டிவிடுவார்கள். உங்களுக்கும் அப்படிப் போட்டிருந்தால் நீங்களும் தொடாதீர்கள்.